வாடகைக்கு வந்த காம்போதி

“பேர் அதுதான் மாப்பிள்ளே, மூச்சு அது இல்லை” என்றார் என் மாமா.

சேத்தியாத்தோப்பில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் சென்ற டிராக்டர் ஒன்று ஏதோ ஒரு புதுப்பாட்டை அலறவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்தது. அது போய் ஒழியும்வரை பொறுத்திருந்துவிட்டு, மாமா செல்போனை மறுபடி காதருகில் வைத்துக் கேட்டார். செல்லாத நாணயம் என்று சந்தேகப்பட்டு, ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவரின் முகம்போல் இருந்தது அவர் முகம். காம்போதி ராகம், நாகஸ்வரம் என்று திரையில் எழுதியிருந்ததெல்லாம் சரிதான். வாசித்தவர்தான் வேறு.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கீதம் முறையாகக் கற்றவர் அல்லர். ஆனால் அந்த ஒரு காம்போதியை அறுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுவந்தவர். வாசித்த வித்வான் சில இசைத்தட்டுகளோடு நின்றுபோனவர். பெரிய புகழ் அவருக்கு வாய்க்கவில்லை. அதனால் என்ன? மாமாவைப் பொறுத்தவரை காம்போதி என்றால் அவர்தான்.

இந்த விவகாரத்தில் குற்றவாளி நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐந்து வருஷங்களுக்கு முன்பு மாமா வீட்டில் நாட்டு ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டார்கள். சாமான்களை வெளியே எடுத்து வைத்தபோது, தாத்தா காலத்து மரப்பெட்டி ஒன்று முற்றத்துக்கு வந்தது. ஒரு போகம் உளுந்து விற்ற பணத்தில் அவர் சிதம்பரத்தில் வாங்கிய சாவி கொடுக்கும் கிராமபோனும், நாற்பது சொச்சம் தட்டுகளும் அதில் இருந்தன. “இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?” என்று மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். நான் உடனே பையிலிருந்து செல்போனை எடுத்தேன். அரை நிமிஷத்தில் அதே வித்வான், அதே காம்போதி கிடைத்தது. தட்டின் கரகரப்புக்கூடக் குறைந்திருந்தது. மாமா முழுவதும் கேட்டுவிட்டு, “அதேதான்” என்றார். “எல்லாம் இதிலேயே இருக்கிறது மாமா. ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுப் பணம், ஒரு மாதத்துக்கு உலகத்துச் சங்கீதம் அத்தனையும் உங்களுடையது” என்று நான் சொன்னேன். அந்த “உங்களுடையது” என்ற வார்த்தைதான் பொய். எனக்கு அப்போது அது பொய் என்று தெரியாது.

ஒரு வாரத்தில் பழைய சாமான் வாங்குகிறவர் வந்தார். கிராமபோன் பெட்டிக்கு மட்டும் விலை பேசினார். யாரோ பணக்காரர் வீட்டுக் கூடத்தில் அலங்காரமாக வைப்பார்களாம். தட்டுகளை இனாமாக எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு ஒருநாள் செல்போனில் அந்தக் காம்போதி இல்லை. பாட்டின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது, தொட்டால் பாடவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெயரும் போயிற்று. தேடினால் வேறு யாரோ வாசித்தது வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இருப்பதாகவும் தெரியவில்லை.

இது ஒரு கிழவரின் பிடிவாதம் என்று வாசகர்களில் சிலருக்குத் தோன்றலாம். வேறொரு நல்ல காம்போதியைக் கேட்டுவிட்டுப் போகட்டுமே என்று நினைக்கலாம். ஆனால் கலையைப் பற்றிய பேச்சு எல்லாமே இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது. ராகம் எல்லோருக்கும் பொது. ஒருவர் ஒருநாள் ஒரு மூச்சில் அதை வாசித்தது அவர் ஒருவருக்கே உரியது. அதைத்தான் நாம் ரசிக்கிறோம். அதைத்தான் நல்லது கெட்டது என்று சொல்கிறோம். விமரிசனம் என்பது திரும்பிப் போய்ப் பார்ப்பது. பதினெட்டு வயதில் பிரமாதம் என்று தோன்றியது நாற்பத்தைந்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், பார்க்கப்படும் பொருள் மாறாமல் அங்கேயே இருக்க வேண்டும். நாம்தான் மாறலாம்; அது மாறக் கூடாது. போன இடத்தில் வீடே இல்லையென்றால் எதோடு எதை ஒப்பிடுவது?

இசைத்தட்டு அப்படி மாறாமல் இருந்த ஒரு வஸ்து. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நம் நாட்டில் சங்கீதம் நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டுகளில்தான் வீடுகளுக்கு வந்தது. அந்தத் தட்டை வார்க்கத் தேவையான அரக்கு, நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளையில் பூச்சி கட்டுவது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றரை. ராத்திரி முழுவதும் ஒரே ராகத்தை வாசிக்கிற நாகஸ்வர வித்வான்கள் அதை மூன்று நிமிஷத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. பாதி ஆலாபனையில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டு, சாவி கொடுத்து, முள்ளை வைக்க வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கான் தட்டைப் போலவே கீழே விழுந்தால் உடையும். இத்தனை உபத்திரவம் இருந்தது. ஆனால் உடைந்தால் அது நம் கையால் உடைந்தது. காணாமல் போனால் தேட ஓர் இடம் இருந்தது. இரவல் கொடுக்கலாம், விற்கலாம், பேரனுக்கு எழுதி வைக்கலாம். தட்டை விற்ற கம்பெனி பிற்பாடு வந்து, “அதைத் திருப்பிக் கொடு” என்று கேட்க முடியாது.

செல்போனில் நாம் மாதச் சந்தா கட்டுவது வேறு வகை வியாபாரம். நாம் எதையும் வாங்குவதில்லை. கேட்க அனுமதி வாங்குகிறோம். சந்தா கட்டும் கம்பெனிக்கும் அந்தப் பாட்டு சொந்தமில்லை. அது இசைக் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. குத்தகைக்காரரிடம் நாம் உள்குத்தகைக்கு இருக்கிறோம். மேலே இருக்கிற இருவருக்கும் மனஸ்தாபம் வந்தால் நம் சாமான்கள் தெருவுக்கு வரும். இது கற்பனையல்ல. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. சரிகம நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்படாமல் டில்லி உயர் நீதிமன்றம்வரை போய், ஏப்ரலிலேயே அந்த நிறுவனத்துப் பாடல்களை அது விலக்கிக்கொண்டது. சரிகம என்பது நாய் படம் போட்ட பழைய எச்.எம்.வி.யின் இன்றைய பெயர். நம் தாத்தாக்களும் அப்பாக்களும் கேட்ட பழைய தமிழ்ப் பாட்டுகளில் பெரும் பங்கு அதனிடம் இருக்கிறது. 2020இல் சமாதானம் ஆகிப் பாடல்கள் திரும்பின. இடைப்பட்ட ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கடையில் நம் பழைய பாட்டு இல்லை.

கடையே மூடிப்போவதும் உண்டு. 2024 ஜனவரியில் ரெஸ்ஸோ இந்தியாவில் மூடப்பட்டது. அதே வருஷம் ஏர்டெல் தன்னுடைய விங்க் இசைச் செயலியை மூடுவதாக அறிவித்தது. அமெரிக்காவில் மைஸ்பேஸ் என்ற வலைத்தளம், 2015வரை பன்னிரண்டு வருஷ காலத்தில் ஜனங்கள் ஏற்றி வைத்த பாட்டுகள், கணினிகளை மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019இல் ஒப்புக்கொண்டது. அழிந்தவை கோடிக்கணக்கில் என்றார்கள். “இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன், இன்டர்நெட் இல்லாமலே பாடும்” என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அதுவும் சந்தாவோடு கட்டிப் போட்ட கன்றுதான். சந்தா நின்றால் கன்று கத்தாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தாத்தாவின் கிராமபோன் யாருக்குப் பாடியது? மாமா ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். தட்டுப் பாடும் சாயங்காலங்களில் நிலத்தில் வேலை செய்தவர்கள் வாசலுக்கு அப்பால், வேப்பமரத்தடியில் நின்று கேட்பார்களாம். திண்ணைக்கு வந்து உட்காரச் சொல்லி யாரும் அழைத்ததில்லை. எந்தத் தட்டைப் போடுவது என்று அவர்களை யாரும் கேட்டதும் இல்லை. இன்று கரும்பு வெட்டக் கூலிக்கு வந்தவர் வயல் வரப்பில் உட்கார்ந்து, தனக்குப் பிடித்ததைத் தன் காதுக்கு மட்டும் பாட வைத்துக்கொள்கிறார். யார் தயவும் அவருக்கு வேண்டாம். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. “அந்தக் காலம்தான் காலம்” என்று பெருமூச்சு விடுகிறவர்கள் அந்தக் காலத்தில் திண்ணைமேல் இருந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே, எல்லோரும் பெட்டி பெட்டியாகத் தட்டு வாங்கி வையுங்கள் என்று உபதேசம் செய்வது என் நோக்கமல்ல. பூட்டி வைப்பது ஒரு பாதுகாப்பும் அல்ல. அதற்கு எங்கள் சுற்றுவட்டாரமே சாட்சி.

சேத்தியாத்தோப்பு ஒரு கூட்டுரோடு ஊர். கிழக்கே போனால் சிதம்பரம், மேற்கே போனால் விருத்தாசலம், தெற்கே வீராணம் ஏரியைத் தாண்டினால் காட்டுமன்னார்கோவில். தேவாரம் கிடைத்த கதையை உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அந்தக் கதை முழுவதும் இந்தப் பஸ் மார்க்கங்களிலேயே நடக்கிறது. மூவர் பாடிய பதிகங்களின் ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. காட்டுமன்னார்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி மூலம் அது சோழ மன்னனுக்குத் தெரிய வந்தது. பாடிய மூவரும் வந்தால்தான் அறையைத் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். மன்னன் மூவரின் விக்கிரகங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைத்தான். உள்ளே ஏடுகளை மூடிப் புற்று வளர்ந்திருந்தது. 1,03,000 பதிகங்கள் என்பது புராணக் கணக்கு. இன்று நம்மிடம் இருப்பவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. மற்றவை கரையானுக்குப் போயின.

இதைச் சரித்திரம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் கதையின் இரண்டாம் பாகத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. சொல் இருக்கிறது, எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. அப்போது விருத்தாசலத்துக்குத் தெற்கே எருக்கத்தம்புலியூரில், இன்றைய ராஜேந்திரப்பட்டினத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, அவளைக் கொண்டு பண் வகுக்கச் செய்தார்கள் என்கிறது புராணம். பெரிய கோயிலில் பூட்டிக் காத்ததைக் கரையான் தின்றது. சிற்றூரில் ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்தது பிழைத்தது. ஏன்? அவளுடைய வம்சத்தில் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வைத்திருந்தார்கள், அதே சமயம் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள்.

என் அபிப்பிராயத்தில் கேள்வி இங்கேதான் இருக்கிறது. சொந்தமா, வாடகையா என்பதைவிட, ஒரு பாட்டுக்குக் காவலாளிகள் எத்தனை பேர் என்பதே முக்கியம். ஒரு பூட்டு, ஒரு சாவி என்று இருந்தால் கோயிலானாலும் ஆபத்து, கம்பெனியானாலும் ஆபத்து. 2008இல் ஹாலிவுட்டில் யூனிவர்ஸல் ஸ்டூடியோவில் தீப்பிடித்தபோது, ஒரே கிடங்கில் இருந்த ஏராளமான மூலப் பதிவு நாடாக்கள் எரிந்தன. எரிந்தவை எவ்வளவு என்பது பதினோரு வருஷம் கழித்துப் பத்திரிகை எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது. செல்போன் சங்கீதத்தில் கேட்கிறவர்கள் கோடி, காப்பவர்கள் நாலைந்து பேர். காப்பவர்களும் ஆசையால் காக்கிறவர்கள் அல்லர். லாபம் உள்ளவரை காக்கிறவர்கள். யாரும் கேட்காத ஒரு நாகஸ்வரக்காரரை வைத்திருப்பதில் அவர்களுக்கு என்ன லாபம்?

கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல் அவர் மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் 1931இல் வந்துவிட்டது என்றாலும் அவர் அதில் நடிக்கவில்லை. அவர் குரல் இன்று நமக்குக் கேட்கிறதென்றால் அது தட்டுகளால்தான். அந்தத் தட்டுகளைத் தொண்ணூறு வருஷமாகப் பரணில் வைத்துக் காத்தவர்கள் பல ஊர்களில் இருந்த சாதாரண ரசிகர்கள். சென்னை வி. ஏ. கே. ரங்கராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் தட்டுகளைச் சேர்த்ததோடு நிற்காமல், அவற்றைப் பற்றி எழுதியும் பேசியும் பிறரைக் கேட்க வைத்தார்கள். இன்று யூடியூபில் தேடினால் பழைய நாகஸ்வரமும் நாடகப் பாட்டும் இனாமாகக் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன, அங்கே வந்தது எப்படி? யாரோ ஒருவர் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து, தட்டைத் துடைத்து, பாட வைத்துப் பதிவு செய்து ஏற்றியதால் வந்தவை அவற்றில் ஏராளம். குழாயில் வரும் தண்ணீர் யாரோ வெட்டிய கிணற்றுத் தண்ணீர். கிணறுகளை மூடிவிட்டுக் குழாயை மட்டும் நம்பச் சொன்னவன் நான்.

இதைச் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் மாமாவுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. எண்பதுகளில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. பாட்டுகளின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிஷ நாடாவில் எத்தனை அடங்கும் என்று கணக்குப் போட்டுப் பதிந்து தருவார்கள். இருபது பாட்டு எழுதிக்கொண்டு போனால் எட்டை அடிக்க வேண்டிவரும். எதை அடிப்பது என்று நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எங்கள் தலைமுறைக்கு ரசனை என்று ஏதாவது வந்தது என்றால் வந்தது. அந்தக் கடைக்காரர் ஒருநாள் தாத்தா வீட்டுக்கே டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, கிராமபோனுக்கு எதிரில் மைக்கை வைத்துச் சில தட்டுகளைப் பதிந்துகொண்டு போனாராம்.

தேடிப் போனேன். கடை எப்போதோ மூடிவிட்டது. அவர் இப்போது புவனகிரிப் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். “ஒன்றையும் தூக்கிப் போடவில்லை தம்பி. பிள்ளைகள்தான் திட்டுகிறார்கள்” என்று சொல்லி ஒரு தகர டிரங்குப் பெட்டியைக் காட்டினார். இரண்டு மணி நேரம் கிளறியதில் கிடைத்தது. நாடாவின் மேல், “வாத்தியார் வீட்டு நாயனம்” என்று பேனாவால் எழுதியிருந்தது.

அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். முதலில் சாவி கொடுக்கும் சத்தம். பிறகு கரகரப்பு. பிறகு காம்போதி. நடுவில் எங்கோ ஒரு மாடு கத்துகிறது. தட்டைத் திருப்பும் இடைவெளியில் என் பாட்டி, “விளக்கு வைக்கிற நேரமாச்சு, வாசலைப் பாரேன்” என்று யாரையோ சொல்கிறாள். அவள் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. மாமி சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மாமா ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் பக்கம் முடிவதற்குள் நாடா தீர்ந்துவிட்டது. கடைசி அரை நிமிஷம் பதிவாகவில்லை. சட்டென்று நின்றதும் நான் சங்கடத்தோடு மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியபடியே, விட்ட இடத்திலிருந்து மெதுவாக முனக ஆரம்பித்து, ராகத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார். சுருதி கொஞ்சம் விலகியது. மூச்சு அதுதான்.

மூன்று பிரதிகள் எடுத்திருக்கிறேன். ஒன்று மாமாவிடம், ஒன்று என்னிடம், ஒன்று அந்தக் கடைக்காரரிடம். நாலாவது ஒன்று எடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்று மாமாவைக் கேட்டேன். “கேட்கிறவனுக்குக் கொடு” என்றார்.